கதை விடக் கத்துக்கப் போனீங்களாமே!

இன்னாப்பா, கதை விடுறதுக்கு கிளாஸ் போய்ட்டு வந்தீங்களாமே? ஞாயித்துக்கெழம முழுக்க ஏசி ரூம்புல குந்தவெச்சி, நடுவுல ஒரு சமோசா குடுத்து, தலைக்கு ரெண்டாயிரம் ரூவா வாங்கினாங்களாம். பேத்திதான் சொன்னா. நான் சிரிக்கல தாயி, இருமல் வந்துச்சின்னு சமாளிச்சேன். ஆனா மேனாம்பேட்டு மண்ணுல பொறந்து நரைச்ச எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஆபீசுக்கு லேட்டா போறப்ப மேனேஜருகிட்ட விடுறீங்களே, அதெல்லாம் இன்னா? பத்து நாளைக்கு ஒரு பெரியப்பா சாவுறாரே, அதுக்கு எந்த கிளாஸுல சேந்தீங்க?

கோச்சிக்காதீங்க. கெழவன் வாய் சும்மா இருக்காது. உங்க கையில இருக்கிற சரக்கை நான் மட்டமா நெனைக்கல. பேத்தி நோட்டைப் பிரிச்சிக் காட்டினா. ‘ஒரு ஊர்ல’ன்னு ஆரம்பிக்கணும். அடுத்த ஆளு ‘தினமும்’னு எடுக்கணும். அதுக்கடுத்தவன் ‘ஆனா ஒரு நாள்’. அப்புறம் ‘அதனால’, மறுபடி ‘அதனால’, மறுபடி ‘அதனால’. ஒருத்தன் ‘கடைசியா’ன்னு கட்டுவான். இன்னொருத்தன் ‘அன்னிலேர்ந்து’ன்னு முடிச்சிப் போடுவான். அமெரிக்காவுல கென் ஆடம்ஸ்னு ஒரு நாடகக்காரரு 1991-ல கட்டின கட்டாம் இது. ‘கதையோட முதுகெலும்பு’ன்னு பேரு வெச்சாராம். 2011-ல, பிக்சார் படக் கம்பெனியில கதைக்குப் படம் வரைஞ்சிகினு இருந்த எமா கோட்ஸ்னு ஒரு பொண்ணு, கதைக்கு 22 விதின்னு ட்விட்டர்ல எழுதி வெச்சிதாம். அதுல நாலாவது விதி இதேதான். அங்கேர்ந்து ஊர் ஊரா சுத்தி, சமோசாவோட உங்ககிட்ட வந்து சேந்திருக்கு.

நல்ல கட்டுதான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல லேத்து ஓட்டினவன் நான், எனக்கு இதுல ஒண்ணு சட்டுனு புரிஞ்சிச்சி. சக்கு ஜாப்பை இறுக்கிப் பிடிச்சி ஒரே எடத்துல சுத்தணும். டூல்தான் முன்ன பின்ன நடமாடணும். சக்கு லொடலொடன்னா ஜாப் பறந்து மூஞ்சில அடிக்கும். உங்க எட்டு வரி அந்த சக்கு. அதுக்கு மேல அதுல ஒரு மந்திரமும் இல்ல. நீங்க இன்னாடான்னா சக்கைக் கையில வெச்சிகினு, ‘தாத்தா, கதை கத்துக்கிட்டோம்’னு வந்து நிக்கிறீங்க.

தெக்குச் சீமையில ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு ஆடுறாங்க, தெரியுமா? மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல்னு அந்தப் பக்கம் கோயில் திருவிழான்னா அதான். அதுல இன்னா விசேஷம்னா, ஒரே கம்பெனி ஆளுங்க கெடையாது. ராஜபார்ட்டு ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டு ஒரு ஊரு, பபூன் இன்னொரு ஊரு, ஆர்மோனியம் வேற ஊரு. தனித்தனியா பேசி முன்பணம் குடுத்துக் கூட்டியாருவாங்க. ஒத்திகை கெடையாது. டைரக்டர்னு ஒருத்தன் குறுக்க நெடுக்க கத்திகினு திரிய மாட்டான். ராத்திரி பவுடர் பூசுறப்பதான் சில பேரு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. அப்படியே மேடையேறி வள்ளி திருமணத்தை விடிய விடிய ஆடிட்டு, காலையில டீ குடிச்சிட்டு, ஆளுக்கொரு பஸ்ஸுல ஏறிப் போயிடுவாங்க.

எப்படிடா முடியுது? கட்டு அத்தினி பேருக்கும் மனப்பாடம். முதல்ல பபூன் வந்து தனியா பேசுவாரு. அப்புறம் டான்ஸுக்காரம்மாவோட வம்பு. அப்புறம் கதை. தெனைப்புனத்துல வள்ளி ஆலோலம் பாடுவா. நாரதர் வந்து கெளறிவிடுவாரு. முருகன் வேடனா வருவாரு, மரமா நிப்பாரு, கெழவனா இருமுவாரு, கடைசியில அண்ணனை யானையாக் கூப்பிடுவாரு. இந்த வரிசையை ஒருத்தரும் மாத்த மாட்டாங்க. ஆனா வள்ளிக்கும் முருகனுக்கும் நடுவுல ஒரு தர்க்கம் வரும் பாரு, அதை அளந்து எழுதி வெச்சவன் எவனும் இல்ல. சங்கரதாஸ் சுவாமிகள், 1867-ல பொறந்து 1922-ல போய்ச் சேந்த மகானுபாவரு, பாட்டை எழுதி வெச்சிட்டுப் போனாரு. பேச்சை நடிகருங்க ராத்திரிக்கு ராத்திரி வளத்துக்கினாங்க. அவ ஒரு கேள்வி வீசுவா, இவரு அதைப் பிடிச்சி வேற பக்கம் திருப்புவாரு. வேணும்னா ஒரு மணி நேரம் இழுப்பாங்க. கூட்டம் கொட்டாவி விட்டா பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு யானையைக் கூப்பிட்டுருவாங்க.

உங்களுக்கு எட்டு வரி, எட்டுப் பேரு, கையில மார்க்கர் பேனா. அப்படி இருந்தும் மூணாவது ஆளுகிட்ட வந்ததும் முழிச்சீங்களாமே?

சரி, தெக்கு எதுக்கு, நம்ம பக்கத்துக்கே வருவோம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறுன்னு நம்ம தொண்டைமண்டலம் பூரா திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வெச்சா, பகல்ல பிரசங்கம், ராத்திரியில கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு ஒசரமா மரம் நட்டு ஏறுவாங்க. கடைசி நாளு துரியோதனனை மண்ணுல மல்லாக்கப் படுக்க வெச்சிப் படுகளம், அப்புறம் தீமிதி. கதை இன்னான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். துரியோதனன் ஜெயிச்சிடுவானோன்னு எவனும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு குந்தறதில்ல. அப்புறம் எதுக்கு விடிய விடிய கண்ணு முழிக்கிறான்? பாதிப் பேரு கட்டியங்காரனுக்காகத்தான்.

கட்டியங்காரன்தான் கூத்துல முதல்ல வர்றவன். ராஜாவுக்குக் கட்டியம் கூறுவான், வாசல் காப்பான், தூது போவான், சமயத்துக்குத் தகுந்த மாதிரி எல்லா எடுபிடி வேஷமும் அவனுதுதான். ராஜா செந்தமிழ்ல முழங்குவான். இவன் நம்ம தமிழ்ல பேசுவான். அவன் வாயிலேர்ந்து இன்னா வரும்னு கூட ஆடுற ராஜாவுக்கே தெரியாது. ஒரு மாதிரிக்கு நானே கட்டிச் சொல்றேன், கேளுங்க. திரை விலகி துரியோதனன் கிர்ருனு சுத்தி வந்து நிக்கிறான்.

“அடே காவலா! நமது நாட்டிலே மாதம் மும்மாரி பொழிகின்றதா?”

“மழைக்கின்னா மகாராஜா, பொழியுது. ரோட்டுல முட்டிக்கால் அளவுக்கு நிக்கிது. வீட்டுப் பைப்புலதான் வரமாட்டேங்குது. கேட்டா, இந்த ஆபீசு இல்ல, அந்த ஆபீசுன்னு அனுப்புறான்.”

இப்ப துரியோதனன் இன்னா பண்ணணும்? “டேய், பாரதத்துல பைப்பு ஏதுடா”ன்னு கேட்டா ஆட்டம் அங்கயே படுத்துரும். நல்ல ஆட்டக்காரன் அப்படிக் கேக்க மாட்டான். மீசையை முறுக்கிகினு கேப்பான்:

“ஆபீசு என்பவன் யார்? பாண்டவர் பக்கமா? நம் பக்கமா?”

“காசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மகாராஜா.”

“அப்படியானால் காசு நம் பக்கம் வந்தாக வேண்டும். அழைத்து வா சகுனி மாமனை! சூதாட்டத்துக்கு ஏற்பாடு செய்!”

பாத்தியா வேலைய? பைப்புல புடிச்சான், சூதாட்டத்துல கொண்டாந்து எறக்கினான். கட்டியன் இழுத்த பக்கம் அம்பது அடி போனான், ஆனா கால் கட்டை விட்டு விலகல. அந்த ‘அப்படியானால்’ இருக்கே, அதுதான் உங்க நோட்டுல இருக்கிற ‘அதனால’.

இந்த வித்தையை மதிக்கத் தெரிஞ்சவங்களும் இருந்தாங்க. செய்யாறு பக்கத்துல புரிசைன்னு ஒரு ஊரு, அங்க தம்பிரான் வம்சம் தலைமுறை தலைமுறையா கூத்தாடுது. அந்தக் கூத்தைப் பாத்து மயங்கின ந. முத்துசாமி 1977-ல சென்னையில கூத்துப்பட்டறை ஆரம்பிச்சாரு. புரிசை கண்ணப்பத் தம்பிரான்கிட்ட அந்தப் பட்டறை ஆளுங்க பாடம் கேட்டாங்க. அங்க கணக்கு எழுதப் போனவருதான் நடிகர் விஜய் சேதுபதி. கணக்குப்புள்ளைக்கே கலை ஒட்டிக்கிச்சின்னா பாத்துக்கங்க. மார்க்வெஸ்னு ஒரு கொலம்பியாக்காரரு எழுதின, றெக்கை மொளைச்ச கெழவன் கதையைக் கூட புரிசைக்காரங்க கூத்தாக் கட்டி ஆடிட்டாங்க. சக்கு சரியா இருந்தா எந்த இரும்பையும் மாட்டலாம்.

இப்ப நம்ம மொட்டை மாடிக்கு வருவோம். கரண்டு போச்சே, அன்னிக்கு நீங்க அத்தினி பேரும் விசிறிகினு மேல வந்தீங்களே, அந்த ராத்திரி. நான்தான் ஆரம்பிச்சி வெச்சேன். “ஒரு ஊர்ல ஏரிக்கரை மேல ஒரு ஆயா இட்லிக் கடை வெச்சிருந்தா.” ரெண்டாவது மாடி அண்ணி அழகா எடுத்தாங்க: “தினமும் மொத ஈடு எறக்கினதும் ஒரு இட்லியப் பிட்டு, கரையில நிக்கிற கொக்குக்குப் போடுவா.” அவங்க பொண்ணு, ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறது, யோசிக்கவே இல்ல: “ஒரு நாள் கொக்கு வரல.”

அடடா! நாலே வார்த்தை. அத்தினி பேருக்கும் நெஞ்சுல சுருக்குனுச்சா இல்லையா? கொக்கு வரலன்னா இன்னா ஆச்சின்னு தெரிஞ்சாகணுமே.

அடுத்தது யாரு? நம்ம சாப்ட்வேர் தம்பி. அவரு அந்தக் கொழந்தை சொன்னதைக் காதுலயே வாங்கல. முதல் வரியிலேர்ந்து தனக்குள்ள ஒண்ணைத் தயார் பண்ணி வெச்சிகினு குந்தியிருந்தாரு. தன் முறை வந்ததும் அவுத்து விட்டாரு: “அப்போ வானத்துலேர்ந்து ஒரு பறக்கும் தட்டு எறங்குச்சி!” சொல்லிட்டு நாலு பக்கமும் பாத்தாரு, யாராவது கை தட்டுவாங்களான்னு. பேங்க்குல ரிட்டயர் ஆன சாரு ஒடனே கண்ணாடிய ஏத்தி விட்டுக்கினு, “இட்லிக் கடை ஏரியாவுல பறக்கும் தட்டு வர்றதுக்கு லாஜிக் இல்லையே”ன்னாரு. லோன் பேப்பர்ல கையெழுத்து விட்டுப்போன மாதிரி ஒரு மூஞ்சி.

ரெண்டு பேரும் சேந்து கொக்கைக் கொன்னாங்க. ஒருத்தரு காதை மூடிக்கினு, இன்னொருத்தரு வாயைத் தொறந்துகினு.

காப்பாத்தினது அண்ணிதான். “அதனால ஆயா இட்லித் தட்டைக் கையில எடுத்துகினு அந்தத் தட்டுகிட்ட ஓடி, ‘எங்கடா என் கொக்கு?’ன்னு கேட்டா.” தட்டுக்கும் தட்டுக்கும் முடிச்சி. தம்பி விட்ட தட்டையும் தள்ளல, கொழந்தையோட கொக்கையும் விடல. அப்புறம் பேங்க் சாருக்கே வேகம் வந்துருச்சி: “அதனால தட்டுக்காரன் கதவைத் தொறந்து, ‘அம்மா, உங்க இட்லிய இந்தக் கொக்கு கொண்டாந்து எனக்குப் பாதி குடுத்துச்சி, அன்னிலேர்ந்து எங்க ஊரு சாப்பாடு எறங்கல’ன்னு சொன்னான்.” அதே கண்ணாடிதான், ஆளு மட்டும் வேற. நாலாவது மாடியில யாரோ, “அதனால ஆயா அவனுக்கு ஒரு மாசக் கணக்கு எழுதிட்டா”ன்னாங்க. கொழந்தை கட்டிச்சி: “கடைசியா கொக்கு உள்ளேர்ந்து எறங்கி வந்துச்சி, தொப்பையோட.” நான் முடிச்சிப் போட்டேன்: “அன்னிலேர்ந்து ஆயா கடையில ரெண்டு தட்டு. ஒண்ணு அடுப்புல, ஒண்ணு மானத்துல.” கரண்டு வந்ததுகூட தெரியாம சிரிச்சீங்க.

அன்னிக்கு ஜெயிச்சது யாரு? ஒண்ணாங் கிளாஸு. அது புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. தினமும் வர்ற கொக்கு ஒரு நாள் வரல, அவ்ளோதான். பேத்தி இன்னொரு பேரும் சொன்னா, கீத் ஜான்ஸ்டன். கனடாவுல கால்கரின்னு ஒரு ஊர்ல நாடகம் சொல்லிக் குடுத்தவரு, 2023-ல காலமானாரு. 1979-லயே அவரு புஸ்தகத்துல எழுதியிருக்காராம், புதுமையா சொல்லணும்னு முக்காதே, கண்ணுக்கு எதிர்ல தெரியறதைச் சொல்லு, அதுதான் கேக்கிறவனுக்குப் புதுசா இருக்கும்னு. படிச்சவங்களுக்கு இதை ஒரு புஸ்தகம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கு. கொழந்தைக்குத் தேவைப்படல. இத்தாலியில கூட நம்ம ஸ்பெஷல் நாடகம் மாதிரி ஒண்ணு ஆடியிருக்காங்க. வசனம் கெடையாது, கதைச் சுருக்கம் மட்டும் கையில இருக்கும், மிச்சத்தை மேடையில பேசிக்குவாங்க. ஃப்ளாமினியோ ஸ்காலான்னு ஒருத்தரு அப்படி அம்பது சுருக்கத்தை 1611-லயே அச்சுப் போட்டுட்டாரு. ஆக, ரெண்டாயிரம் ரூவாக்காரங்க ரொம்ப லேட்டு.

அடுத்த தபா குந்தறதுக்கு முன்னாடி கெழவன் சொல்றதைக் காதுல போட்டுக்கங்க. ஒங்க முறைக்கு என்னா சொல்லலாம்னு முன்கூட்டியே யோசிக்காதீங்க. அப்படி யோசிக்கிறவன் கதை கேக்கல, க்யூவுல நிக்கிறான். முன்னால சொன்னவன் வாயிலேர்ந்து விழுந்ததுல ஏதாவது ஒண்ணைப் பொறுக்கிகினு, அதோட ‘அதனால’ போட்டு ஆரம்பிங்க. ‘அப்புறம்’ போடாதீங்க. அப்புறம் கொக்கு வந்துச்சி, அப்புறம் மழை வந்துச்சி, அப்புறம் மாமா வந்தாருன்னா அது கல்யாண வீட்டு மொய் நோட்டு. ‘அதனால’ போட்டாத்தான் ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும்.

அத்தோட ஒரு விஷயம், உங்க கிளாஸுல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க ஆயா கதை சொல்லும்போது நாங்க உம் கொட்டணும். உம் நின்னா கதை நிக்கும், தூங்கிட்டோம்னு அர்த்தம். ஈ பேரு மறந்துபோன கதையைத்தான் ஆயா அடிக்கடி எடுக்கும். ஈ போய்க் கன்னுக்குட்டியக் கேக்கும், மாட்டைக் கேக்கும், மாடு மேய்க்கிறவரைக் கேக்கும், கடைசியா குதிரை கனைச்சப்பதான் பேரு ஞாபகம் வரும். நடுவுல எங்களுக்குத் தோணின ஆளையெல்லாம் நொழைப்போம். ஒருத்தன் போஸ்ட்மேனைக் கேக்கச் சொல்லுவான், ஒருத்தன் டிஐ சைக்கிள் கம்பெனி வாட்ச்மேனைக் கேக்கச் சொல்லுவான். ஆயா ஒருத்தனையும் வேணாம்னு சொன்னதில்ல. போஸ்ட்மேனும் தெரியாதுன்னாரு, வாட்ச்மேனும் தெரியாதுன்னாரு, ஈ மேல பறந்துச்சி. குதிரை கடைசியில கனைச்சே தீரும்னு ஆயாவுக்குத் தெரியும், அப்புறம் இன்னா பயம்? நீங்க இருக்கீங்களே, ஒருத்தன் கதை சொல்லும்போது மிச்ச ஏழு பேரும் போனைத் தடவுறீங்க. உம் கொட்டாத எடத்துல சங்கரதாஸ் சுவாமிகளே வந்தாலும் எழுந்து போயிடுவாரு.

ஆபீசுல இந்தக் கதை கட்டுற ஆட்டத்தை ‘டீம் பில்டிங்’னு நடத்தப் போறாங்களாமே? நடத்துங்க. ஆனா மேனேஜரை மொத ஆளா குந்தவெக்காதீங்க. அவரு ‘ஒரு ஊர்ல’ன்னு ஆரம்பிச்சி ‘அன்னிலேர்ந்து’ வரைக்கும் தானே போயிடுவாரு. நடுவுல கொக்கு வேற அவரைப் பாத்து கையெழுத்து கேட்டு நிக்கும். அவரைக் கட்டியங்காரன் எடத்துல விடுங்க. எடுபிடி வேஷம் கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் கூட ஆடுறவனை ஒசத்தத் தெரியும். முடியாதுன்னு மொறைச்சாருன்னா, அந்த டீமுக்கு கதையால ஆகப் போறது ஒண்ணும் இல்ல.

கட்டி முடிச்ச கதைக்கு நீதி தேடாதீங்க. ‘இதுலேர்ந்து நாம கத்துக்கிறது இன்னான்னா’ன்னு பேங்க் சாரு அன்னிக்கு ஆரம்பிச்சாரு பாரு, நல்ல வேளை அண்ணி பக்கடாவை நீட்டிட்டாங்க.

இவ்ளோ பேசியும் மண்டையில ஏறலன்னா, ஒண்ணு பண்ணுங்க. சித்திரை, வைகாசியில திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் எங்கயாவது பாரதம் வெச்சிருப்பாங்க, விசாரிச்சிகினு போங்க. போர்வை எடுத்துக்கங்க. முன்வரிசையில மண்ணுல குந்துங்க, விடியற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. கட்டியங்காரன் உங்களைப் பாத்து ஏதாவது கேட்டா, வெக்கப்படாம வாயைத் தொறந்து பதில் சொல்லுங்க. போனைப் பையில போட்டு ஜிப்பை இழுத்துருங்க. கெளம்பும்போது அந்தக் கட்டியங்காரன் கையில ஆளுக்கு ஒரு நூறு ரூவா குடுங்க, சமோசா மட்டும் கேக்காதீங்க.